கம்பெனிக்காரர்கள் தொண்டூழியத்துக்கு வருகிறார்கள்: எந்த இலக்கு எண்ணைப் போட்டுக் கொடுப்பது?

கோயில்வாசல்

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருந்தவர்களும் இருப்பவர்களும் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு நிறுவனம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவர்களுடைய ஊழியர்கள் எழுபது எண்பது பேர் இரண்டு பஸ்ஸில் வருவார்களாம். பள்ளி மண்டபச் சுவரில் படம் வரைவது, ஆற்றோரம் மரம் நடுவது, மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பரிசுப் பை. கூடவே நிரப்பித் தர ஒரு பாரம் (படிவம்). ஐ.நா.வின் நிலையான மேம்பாட்டு இலக்குகள் 17-உம் அதில் கட்டம் கட்டமாக, கலர் கலராக இருக்கின்றன. 'இந்நிகழ்ச்சி எந்தெந்த இலக்குகளுக்குப் பங்களிக்கிறது?' என்று நாங்கள் குறியிட்டு, தலைவர் கையெழுத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போது அதில் இருப்பது ஒரு திமிங்கிலம். அதற்கு முன்பு வேறொரு கம்பெனி வரைந்த வானவில் இருந்தது. திமிங்கிலத்தின் வால் பக்கம் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் பழைய வானவில்லின் ஊதா எட்டிப் பார்க்கிறது. மண்டபக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாய் ஓட்டை. பெய்கிற மழையெல்லாம் சுவரில்தான் வழிகிறது. பிறகு எந்தப் படம் நிற்கும்? குழாயை மாற்றித் தருகிறோம் என்று இதுவரை யாரும் வந்ததில்லை.

வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் மனமில்லை. நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் பாரத்தில் எதைக் குறியிடுவது? நேராகவே கேட்கிறேன்: வேறு வேலை செய்து கொடுங்கள் என்று கேட்கலாமா, அது மரியாதையாக இருக்குமா? மாதக் கடைசிக்குள் பதில் போக வேண்டும்.

ஜாலோங் பையன்

அண்ணே, இதுக்கு யோசனை எதுக்கு? சுவருக்கு 4, தரமான கல்வி. மரத்துக்கு 13-உம் 15-உம். சோற்றுப் பொட்டலத்துக்கு 2, பசி ஒழிப்பு. பெண் ஊழியர்களும் வருவார்கள், ஆகவே 5. இரண்டு தரப்பும் கை குலுக்கிப் படம் எடுத்தால் 17, கூட்டாண்மை. ஒரு பெயின்ட் வாளியில் ஆறு இலக்கு. கெடு வைத்த 2030 வரைக்கும் காத்திருப்பானேன், நவம்பரிலேயே முடித்துவிடலாம்.

மனிதவளம் கேஎல்

தம்பி எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் அப்படியே நிரப்பிய பாரங்கள் என் மேசைக்கு வருகின்றன. நான் லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது தலைநகரில் பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கோயில்வாசல் அண்ணன் சொல்லும் நிறுவனம் அல்ல, ஆனால் எல்லா இடத்திலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

பட்டியலான நிறுவனங்கள் நிலைத்தன்மை பற்றி ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்று பங்குச்சந்தையான புர்சா மலேசியா 2015 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. 2022 செப்டம்பரில் அதை இறுக்கியது. முதன்மைச் சந்தை நிறுவனங்கள் 2023 டிசம்பர் 31-இலோ அதற்குப் பிறகோ முடியும் நிதியாண்டு தொடங்கி, சில விவரங்களை எண்ணாகவே காட்ட வேண்டும். 'சமூகம்' என்ற தலைப்பின்கீழ் கேட்பது இரண்டே எண்கள்தான். வெளியாருக்காக எவ்வளவு பணம் செலவிட்டீர்கள்? எத்தனை பேர் பயனடைந்தார்கள்? அவர்களுக்கு என்ன பயன் கிடைத்தது என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. அதனால்தான் சுவரில் திமிங்கிலம் வரைந்தால் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் பயனாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

எஸ்டிஜி, அதாவது பாரத்தில் உள்ள அந்த ஐ.நா. இலக்குகளின் கதை வேறு. 2015 செப்டம்பர் 25-இல் ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்டவை அவை. வாக்குக் கொடுத்தது அரசாங்கங்கள். கம்பெனிகளுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, விரும்பி எடுத்துக்கொண்டவைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதினேழு இலக்குக்கும் கீழே மொத்தம் 169 உள் இலக்குகள் இருக்கின்றன. பாரத்தில் இருப்பது பதினேழு கலர் கட்டம். வேலை கிடப்பது அந்த 169-இல். 'இலக்கு 4' என்றால் சுவர்ப்படமும் அதில் நுழைந்துவிடும். '4.2, எல்லாக் குழந்தைகளுக்கும் தரமான பாலர் கல்வி' என்று எழுதினால் திமிங்கிலம் வெளியே நிற்கும்.

நிறுவனங்களுக்கென்று 2015-லேயே எஸ்டிஜி காம்பஸ் என்று ஒரு வழிகாட்டி வந்தது. இலக்குகளைப் புரிந்துகொள், உன் தொழில் எங்கே நன்மை செய்கிறது எங்கே கெடுதல் செய்கிறது என்று பார்த்து முன்னுரிமை வை, அப்புறம் குறிக்கோள் வை, அதை அன்றாட வேலையில் இணை, கடைசியாக அறிக்கை எழுது என்பது அதன் வரிசை. எங்கள் பக்கம் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்கி ஏறுகிறோம். நிகழ்ச்சி முடிந்து, படங்கள் வந்து, வடிவமைப்பாளர் கேட்கும்போதுதான் எந்தக் கலர் சின்னத்தை ஒட்டுவது என்ற பேச்சே வரும்.

பாரம் காலியாக வந்திருக்கிறது என்றால் அந்தக் கம்பெனியிடம் இன்னும் திட்டம் இல்லை என்று பொருள். அண்ணே, அது உங்களுக்கு நல்லது. நீங்கள் எழுதி அனுப்புவதுதான் திட்டமாகும். ஆண்டு முடிவதற்குள் ஒதுக்கிய பணம் செலவாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. அதோடு 2026-ஐ நிலையான மேம்பாட்டுக்கான அனைத்துலகத் தொண்டூழியர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. பஸ்கள் இன்னும் வரும். இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேட்கும் கடிதம்தான் எங்களுக்கு அபூர்வமாக வருகிறது. தாராளமாகக் கேளுங்கள்.

பழைய கிராணி

தங்கச்சி விவரமாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். வருகிறவர்கள் தோட்டக் கம்பெனியா, வேறா?

தோட்டக் கம்பெனி என்றால் அந்தப் பாரத்தை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, சட்டம் 446 என்பார்கள். குடியிருப்புக்குக் குழாய்த்தண்ணீர், மின்சாரம், வீடுகளைப் பழுது பார்ப்பது, குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை எல்லாம் அதில் வரும். முதலாளியின் கடமை. நான் கணக்கு எழுதிய தோட்டத்தில் ஒரு வருடம் தலைமை அலுவலகத்து ஆட்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து ஆயாக்கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். புதுத் தொட்டில் துணி, சுவரில் எழுத்துப் படம். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதச் சொன்னார்கள் தெரியுமா? 'சமூக நன்கொடை'. அதுவரை அது கட்டடப் பராமரிப்புக் கணக்கில் இருந்த செலவு. கூரை மட்டும் பழைய ஒழுகலோடு அப்படியே இருந்தது, ஏனென்றால் அது படத்தில் விழாது.

2020 ஜனவரி 1 முதல் எம்எஸ்பிஓ என்ற மலேசிய நிலையான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் செம்பனைத் தோட்டங்களுக்குக் கட்டாயம். தொழிலாளர் நிலைமையும் தணிக்கைக்கு வரும். அதனால் தோட்டக் கம்பெனி இலக்கு எண்ணை ஒட்ட வேண்டிய இடம் லயத்துச் சுவர் (தொழிலாளர் குடியிருப்புச் சுவர்) அல்ல, சம்பளச் சீட்டு. இலக்கு 8, கண்ணியமான வேலை. எட்டாம் நம்பரைத் தொண்டூழிய நாளில் குறியிட்ட தோட்டம் எதையும் நான் பார்க்கவில்லை.

கோயில்வாசல்

ஐயா, இது தோட்டக் கம்பெனி இல்லை. மின்னணுப் பாகங்கள் செய்கிற கம்பெனி.

பழைய கிராணி

அப்படியானால் சரி. கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

வெளியார் வந்தால்தான் நமக்கு விடிவு என்ற எண்ணத்தில் இந்தப் பேச்சு போகக்கூடாது. நம்மூர் மகாத்மா காந்தி கலாசாலை 1954-இல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தன. பால்வெட்டுத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள். இந்த ஊருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியும். அதை எழுதி அனுப்பும் பழக்கம்தான் விட்டுப்போயிற்று.

இனி பள்ளி விஷயம். மின்னணுக் கம்பெனி என்றால் பொறியாளர்கள் இருப்பார்கள். நான் கேட்பது சுவர் அல்ல, வாசிப்பு. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற நம் பிள்ளைகளில் மலாயில் தடுமாறுகிறவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. சிலர் அந்த ஓராண்டிலேயே சோர்ந்து போகிறார்கள். கம்பெனியில் பத்துப் பேர், வாரம் அரை மணி நேரம், கைப்பேசியில் ஒரு பிள்ளை சத்தமாக வாசிக்கக் கேட்டால் போதும். சனிக்கிழமை வந்து போகிற எழுபது பேரைவிட அந்தப் பத்துப் பேர் எனக்குப் பெரிது.

ஆனால் கட்டுப்பாடு வேண்டும். தலைமையாசிரியரின் எழுத்து மூல அனுமதி, வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது, ஊழியரும் பிள்ளையும் தனியாக எண்களைப் பரிமாறிக்கொள்ளாதது. படம் எடுப்பதற்கும் அப்படியே. பிள்ளைகளின் முகத்தைக் கம்பெனி பக்கத்தில் போடுவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 'வறிய பிள்ளை' என்ற தலைப்போடு தன் படம் சுற்றுவதை அந்தப் பிள்ளை பதினாறு வயதில் பார்க்கும்.

ஆற்றோரம்

மரம் நடுவதைப் பற்றி நான் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது. சுங்கை பிளஸ் கரையில் நட வருகிறவர்கள் எத்தனை கன்று நட்டார்கள் என்று பலகை வைப்பார்கள். அடுத்த வருடம் எத்தனை நிற்கின்றன என்று பலகை வைத்தவர் கிடையாது. நட்ட மறு மாதமே லாலான் புல் ஆளுயரம் வரும், மிக்கானியாக் கொடி கன்றைச் சுற்றிக்கொண்டு வெயிலை மறைக்கும். அதையும் தப்பியது தோட்டத்து மாடுகளுக்கு. கன்றைச் சுற்றி வட்டமாகப் புல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று வருடம். அந்த வேலையை எந்தப் பஸ் வந்து செய்யும்?

போதாக்குறைக்கு ஆற்றுக்கரை ரிசர்வ் நிலம். நீர்ப்பாசன வடிகால் இலாகாவைக் கேட்காமல் அங்கே நட முடியாது. போன தடவை வேறு ஓர் இடத்தில் நட்டதைக் கரை உயர்த்தும்போது எக்ஸ்கவேட்டர் வாரிக்கொண்டு போய்விட்டது.

நட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கொஞ்சமாக நடச் சொல்லுங்கள். மீதிப் பணத்தைப் புல் வெட்டும் கூலியாக உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு மாதா மாதம் கொடுக்கச் சொல்லுங்கள். உயிரோடு நிற்கும் மரத்தின் எண்ணிக்கையை அறிக்கையில் போடட்டும். அப்போது 15-ஆம் நம்பருக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன்.

சந்தேகப்பிராணி

எல்லாரும் நம்பரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த இலக்குகளே என்ன நிலைமையில் இருக்கின்றன? ஐ.நா.வின் 2024 அறிக்கை சொல்வதைப் பாருங்கள்: உள் இலக்குகளில் 17 விழுக்காடுதான் சரியான பாதையில் போகின்றன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நின்றுவிட்டன, அல்லது பின்னால் போகின்றன. அரசாங்கங்களாலேயே முடியாததை ஒரு சனிக்கிழமை பெயின்ட் வாளி செய்துவிடுமா? பரிசுப் பையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி அனுப்புங்கள். நமக்குப் பை, அவர்களுக்குப் படம். கணக்கு நேர்.

மனிதவளம் கேஎல்

நீங்கள் சொல்லும் புள்ளிவிவரம் சரி. ஆனால் முடிவு ஒப்பவில்லை. எண்ணை அலங்காரமாக ஒட்டினால் பயனில்லை, ஒத்துக்கொள்கிறேன். வாக்குறுதியாக எழுதி வாங்கினால்? '4.2-க்காக வந்தோம்' என்று கம்பெனி தன் அறிக்கையில் அச்சடித்துவிட்டால், அடுத்த வருடம் 'அது என்ன ஆயிற்று' என்று கேட்க ஊருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. வெறும் பை வாங்கினால் கேட்க எதுவும் இல்லை.

நம் நாடாளுமன்றத்தில் இதற்கென்று அனைத்துக் கட்சிக் குழு ஒன்று 2019-இல் அமைந்தது. அவர்கள் தொகுதிகளுக்குப் போய், முதலில் அங்குள்ளவர்களிடம் பிரச்சினை என்ன என்று கேட்டு, பிறகு உள்ளூர் அமைப்புகளிடம் சின்னச் சின்னத் திட்டங்களாக ஒப்படைக்கிறார்கள். முதலில் கேட்பது, அப்புறம்தான் எண். அந்த வரிசையைக் கம்பெனிகளிடமும் கேட்டு வாங்க முடியும்.

பால்வெட்டு அக்கா

எல்லாருக்கும் வணக்கம். நான் பேசுகிறேன், பேத்தி டைப் செய்கிறாள்.

இலக்கு நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்கிறேன். பாரம் எழுதித் தர ஆள் வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஐம்பத்து மூன்று வயதில் நெஞ்சுவலியில் போனார். வீட்டில்தான் போனார், வேலை இடத்தில் இல்லை. பெர்கேசோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பணம் வேலையில் அடிபட்டால் மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பளச் சீட்டில் மாதா மாதம் பிடித்த காசு அது. நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டில் துணி துவைத்தேன். கோயில் திருவிழாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் பேச்சுவாக்கில் கேட்டார், 'ஏன்க்கா, பெர்கேசோ ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடலையா?' என்று. அதற்கு அப்புறம்தான் எல்லாம். அந்த டீச்சர் எழுதித் தந்த பாரத்தில்தான் என் கடைசி இரண்டு பிள்ளைகள் படித்தார்கள்.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுப் பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அம்மா அப்பா பதிவுத் திருமணம் செய்யவில்லை, அப்பா எங்கோ போய்விட்டான், பாட்டிதான் வளர்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்ததெல்லாம் பெரிய கதை. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும், இப்போதே பதினொன்று. கோலாலம்பூரில் ஆபீசில் வேலை செய்கிறவர்கள் நாளெல்லாம் பாரம்தானே எழுதுகிறார்கள்? அதை ஒரு நாள் இங்கே வந்து எழுதித் தரட்டுமே.

ஜாலோங் பையன்

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு என் கிண்டல் எனக்கே உறைக்கிறது. எங்கள் தாத்தாவுக்குச் சிவப்பு அடையாள அட்டைதான், கடைசிவரை. குடியுரிமை இல்லை, நிரந்தரவாசி மட்டும்.

மனிதவளம் கேஎல்

அக்கா, நீங்கள் நம்பர் தெரியாது என்றீர்கள். சொன்னது இரண்டும் உள் இலக்குகள்தான். சமூகப் பாதுகாப்பு எல்லாருக்கும் கிடைக்கச் செய்வது 1.3. பிறப்புப் பதிவு உட்பட எல்லாருக்கும் சட்டபூர்வ அடையாளம் என்பது 16.9. 2030-க்குள் என்று எழுதியிருக்கிறது.

மற்றவர்களுக்காகவும் சில விவரம். பெர்கேசோவில் இரண்டு திட்டம் உண்டு. ஒன்று வேலை இட விபத்து. இன்னொன்று முடக்கத் திட்டம். சந்தாதாரர் அறுபது வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் உண்டு. தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்களில் இது தெரியாதவர்கள் நிறைய. இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து தனித் திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள் சேர வேண்டும். ஊழியர் சேமநிதியில் வாரிசு பெயர் எழுதி வைப்பதற்குக் காசே கிடையாது. எழுதாமல் போனவரின் பணத்தை எடுக்கக் குடும்பம் எத்தனை தாள் தேட வேண்டியிருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் தினம் பார்க்கிறேன்.

இதெல்லாம் எங்கள் பிரிவு ஆட்களுக்குத் தூக்கத்தில் தெரிந்த வேலை. சுவரில் நாங்கள் வரையும் திமிங்கிலம் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பழைய கிராணி

பிறப்புப் பத்திரம் பெர்கேசோ மாதிரி அல்ல, அதைத் தனியாகப் பிரியுங்கள். பிறந்து 60 நாளுக்குள் பதியாவிட்டால் தாமதப் பதிவு. பெற்றோர் திருமணப் பதிவு இல்லாவிட்டால் இன்னும் சிக்கல், குடியுரிமை வரைக்கும் இழுக்கும். 2011 பிப்ரவரியில் பத்திரம் இல்லாத நம்மவர்களைப் பதிய மைடாஃப்தார் இயக்கம் நடந்தபோது நான் மேசை போட்டு உட்கார்ந்தவன். பாரம் எழுதியது சுலபம். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக் கடிதம், சாட்சி, பள்ளிச் சான்று என்று அலைந்ததுதான் வேலை. ஒரே நாளில் முடியும் என்று வருகிற பிள்ளைகள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது. அந்தப் பாட்டி நம்பி உட்கார்ந்திருப்பாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வருகை வீண் என்று நான் எழுதியது போலத் தெரிகிறது. முழுக்க அப்படி இல்லை. முன்பு ஒரு கம்பெனி வந்தபோது ஒரு பெண் பொறியாளர், அவரும் தமிழ்ப்பள்ளி மாணவி, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். 'அக்கா, எஸ்பிஎம்மில் எத்தனை ஏ எடுத்தீங்க?' என்று, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வைப் பற்றி ஒரு பையன் கேட்டான். அவர் சொன்ன பதிலில் வகுப்பே வாயடைத்துப் போயிற்று. அவர் வாங்கியது இரண்டே ஏ. கைத்தொழில் கல்லூரி வழியாக ஏறி வந்தவர். அந்தப் பேச்சுக்கு இலக்கு எண் தேட வேண்டாம், இடம் மட்டும் விடுங்கள்.

கோயில்வாசல்

எல்லாருக்கும் நன்றி. நிர்வாகத்தில் பேசிவிட்டேன். இரண்டு பேருக்குச் சுவர் போகிறதே என்று வருத்தம், மற்றபடி சம்மதம். கடிதத்தின் முக்கியப் பகுதியை இங்கே போடுகிறேன், திருத்துங்கள்.

"உங்கள் வருகையை வரவேற்கிறோம். சுவர் ஓவியத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மண்டபத்தின் மழைநீர்க் குழாயை மாற்றித் தர இயலுமா என்று கேட்டுக்கொள்கிறோம். ஆற்றோர மரநடுகைக்கு இலாகா அனுமதியும் பராமரிப்பு ஏற்பாடும் இல்லாததால் இவ்வாண்டு வேண்டாம். உங்கள் ஊழியர்களில் மனிதவளம், கணக்கு, சட்டப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிவிக்கவும். அவர்கள் கோயில் மண்டபத்தில் பெர்கேசோ, சேமநிதி, பிறப்புப் பதிவு மனுக்களை எழுத உதவ வேண்டும். பொறியாளர்களில் விருப்பமுள்ள பத்துப் பேர் வாரம் அரை மணி நேர வாசிப்புக்குப் பெயர் கொடுக்கலாம். இணைத்துள்ள பாரத்தில் 1, 4, 16 ஆகியவற்றைக் குறியிட்டு, பக்கத்தில் 1.3, 4.1 (தரமான தொடக்க, இடைநிலைக் கல்வி), 16.9 என்று எழுதியுள்ளோம். 17-ஐக் குறியிடவில்லை. ஆறு மாதம் கழித்து எந்த மனு என்ன ஆயிற்று என்று இரு தரப்பும் உட்கார்ந்து பார்த்த பிறகு குறியிடுகிறோம்."

சந்தேகப்பிராணி

கடைசி வரி பிரமாதம். நான் எழுதியதாக நினைத்துக்கொள்கிறேன்.

மனிதவளம் கேஎல்

இரண்டு மூன்று சேர்க்க வேண்டும், அண்ணே.

பெர்கேசோ ஈப்போ அலுவலகத்துக்கும் தேசியப் பதிவிலாகாவுக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டு ஓர் அதிகாரியை அன்று அனுப்பக் கேளுங்கள். எங்கள் ஆட்களுக்குப் பாரம் எழுதத் தெரியும், யாருக்குத் தகுதி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எதையும் தன்னார்வலர் தன் கைப்பேசியில் படம் எடுக்கக்கூடாது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைவிட முக்கியம், நம் ஆட்கள் வங்கிக் கணக்கை ஏமாற்றுக்காரர்களிடம் இழந்த கதைகள் இந்த ஊரிலேயே உண்டு.

பயனாளி எண்ணிக்கையை இப்போதே பேசி முடியுங்கள். மண்டபத்துக்கு வந்தவர்கள், மனுப் போட்டவர்கள், மனு நிறைவேறியவர்கள் என்று மூன்று எண். அறிக்கையில் மூன்றாவதும் வர வேண்டும் என்று எழுதுங்கள். சின்ன எண்ணாக இருக்கும், மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு கிடைக்கத் தொடங்கியது என்று போட்டால் சுளிக்க மாட்டார்கள்.

பழைய கிராணி

ஒன்று விட்டுப்போயிற்று. இப்போது லயத்தில் இருப்பவர்கள் பாதிப்பேர் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளிகள். 2019-இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலை விபத்துக்குப் பெர்கேசோ உண்டு. யாரையும் விட்டுவிடக்கூடாது என்பதுதானே அந்த இலக்குகளின் முதல் பேச்சு? கோயில் மண்டபத்துக்கு வரத் தயங்குவார்கள். பள்ளி வாசலில் ஒரு மேசை, மலாய் பேசும் ஓர் ஆள்.

கோயில்வாசல்

சேர்த்துவிட்டேன். கடிதம் போயிற்று. பதிலும் வந்துவிட்டது, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம்.

மனிதவளம், கணக்குப் பிரிவுகளிலிருந்து பன்னிரண்டு பேர் வருவார்கள். சட்டப் பிரிவிலிருந்து ஒருவர். வாசிப்புக்கு ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பத்து ஆக்கப் பார்க்கிறார்களாம். மழைநீர்க் குழாய்க்கு மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள். மீதிப் பேருக்குக் கையால் செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள், இல்லாவிட்டால் வர மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து உட்கார்வதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை மறுபடி கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஆற்றோரம்

கையால் செய்கிற வேலையா? தாமான் வடிகாலும் பழைய டயரும் இருக்கின்றன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக வாரம் பத்து நாள் போதும். ஒரு நாள் கோத்தோங் ரோயோங் என்று ஊர் கூடித் துப்புரவு செய்துவிட்டு விட்டால் அடுத்த வாரம் பழையபடிதான். அதனால் அவர்களை வைத்து வீட்டு வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு வலை மூடி செய்து மாட்டச் சொல்லுங்கள். மாட்டியது நிற்கும். 3.3 என்று எழுதிக்கொள்ளட்டும், டெங்கி அதில் அடக்கம்.

ஜாலோங் பையன்

மூடி வேலைக்கு நான் ஆள் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் எட்டுப் பேர் வருவார்கள். எங்கள் பெயரும் பட்டியலில் வேண்டும், பயனாளி என்று இல்லை, தொண்டூழியர் என்று.

பால்வெட்டு அக்கா

கோயில்வாசல் தம்பி, மூன்றாவது வீட்டுப் பாட்டி கேட்கச் சொன்னாள். அன்றைக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும்? பையனின் ஊசி போட்ட அட்டை மட்டும்தான் இருக்கிறதாம். அது போதுமா?

பழைய கிராணி

அந்த அட்டை பெரிய சாட்சி, பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பாட்டியின் அடையாள அட்டை, அம்மாவின் அடையாள அட்டை எண் தெரிந்தால் அது, பள்ளியில் கொடுத்த கடிதம். பிறந்த ஆஸ்பத்திரி எது என்று கேட்டு வையுங்கள். நான் வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வருகிறேன், முன்கூட்டியே தாள்களைப் பார்த்துவிடலாம். அசலைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், எனக்கும்கூட.